ஊராட்சியாகவே தொடர்வதா, பேரூராட்சியாவதா, நகரோடு இணைவதா?

நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்ட மக்கள்தொகை, ஒரு வாரச்சந்தை, ஒரு மேல்நிலைப் பள்ளி, இரண்டு திருமண மண்டபங்கள், வயலை மனையாக்கிப் போட்ட நான்கைந்து ‘நகர்’கள், அவற்றுக்கு நடுவே இன்னும் நெல்லும் கரும்பும் விளையும் நிலம். ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒரு நகராட்சி, அல்லது அண்மையில் தரம் உயர்ந்த ஒரு மாநகராட்சி. இப்படிப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். குறைந்தது 5,000 மக்கள், ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் முக்கால் பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் என்ற அளவுகோலை வைத்து, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இங்கே 376 ஊர்களை நகரமாகக் கணக்கிட்டது. சட்டத்தின் கண்ணில் அவை அனைத்தும் அன்றைக்குக் கிராமங்களே. இத்தகைய ஊருக்கு மூன்று வழிகள் உண்டு: ஊராட்சியாகவே தொடர்வது, தனிப் பேரூராட்சியாக உயர்வது, பக்கத்து நகராட்சியோடு அல்லது மாநகராட்சியோடு இணைவது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது, பல ஊர்களில் கிராம சபைத் தீர்மானங்களும் சாலை மறியல்களும் எழுந்தன. அந்தக் கோபத்தில் பெரும்பகுதி வரியைப் பற்றியதாகவும் நூறு நாள் வேலையைப் பற்றியதாகவும் இருந்தது. இரண்டும் நியாயமான கவலைகள்தாம். ஆனால், ஊரின் அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பது அவற்றைவிட நீண்ட காலம் நீடிக்கும் கேள்வி. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் எண்ணம்.

முதலில், முடிவெடுப்பது யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சிக்குக் கிடைக்கும் வருவாய், வேளாண்மை அல்லாத வேலைவாய்ப்பு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருதி, ஓர் ஊர் எந்த வகையில் சேரும் என்பதை அறிவிக்கும் பொறுப்பை ஆளுநருக்கு, அதாவது நடைமுறையில் மாநில அரசுக்கு, அளிக்கிறது. மக்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. அரசு தன் எண்ணத்தை அறிவித்து, ஆட்சேபங்களைப் பெற்று, பிறகு இறுதி ஆணை பிறப்பிக்கும். கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவில் இருக்கும், நீதிமன்றம் வரை போனால் பேசும். எனவே ஊர் மக்கள் செய்யக்கூடியது, எது வேண்டும், எந்த நிபந்தனையோடு வேண்டும் என்பதைக் காலத்தில் எழுத்தில் சொல்வதுதான்.

பெயர்ப்பலகை மாறுவது இங்கே புதிதல்ல. 1958-ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டமே 5,000 மக்களும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வருவாயும் உள்ள ஊர்களை நகரப் பஞ்சாயத்து, அதாவது இன்றைய பேரூராட்சி, என்று தனியே வகைப்படுத்தியது. 1981-இல் அவற்றுக்கெனத் தனி இயக்ககம் அமைந்தது. 2004-இல் ஒரே ஆணையில் 561 பேரூராட்சிகள் ‘சிறப்புச் சிற்றூராட்சி’களாயின; ஊரகத் திட்டங்களின் நிதி அவற்றுக்கும் கிடைக்கும் என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 2006-இல் ஆட்சி மாறியதும் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இடைப்பட்ட இரண்டாண்டில் அந்த ஊர்களின் சாக்கடையோ சந்தையோ மாறிவிடவில்லை. எந்தத் துறையின் கதவைத் தட்டுவது என்பதுதான் மாறியது.

இனி அதிகாரத்துக்கு வருவோம். ஊராட்சியில் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சிச் சின்னம் கிடையாது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அவரே நிர்வாக அதிகாரி. பணம் எடுக்க அவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஊராட்சிச் செயலர் கணக்கு எழுதுவார், வரி வசூலிப்பார். ஆனால் முடிவெடுக்கும் கை தலைவருடையது. பேரூராட்சியில் இது தலைகீழ். மக்கள் தம் வார்டு உறுப்பினரைக் கட்சிச் சின்னத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக அதிகாரம் செயல் அலுவலரிடம் இருக்கிறது. நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையரிடம். மன்றம் தீர்மானம் போடலாம், ஒப்பந்தப்புள்ளியை ஏற்கலாம், வரி விகிதம் குறித்து விவாதிக்கலாம். நடைமுறைப்படுத்துவது அரசு அனுப்பிய அலுவலர்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் கொள்கை வகுக்கட்டும், தொழில்முறை அலுவலர் நிர்வகிக்கட்டும் என்ற ஏற்பாட்டில் தவறு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் 1908-இலும், பெருவெள்ளத்தில் சீரழிந்த ஓஹாயோவின் டேட்டன் 1914-இலும் இதே முறைக்குப் போயின. இன்று அங்கே பல சிறு நகரங்கள் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே மேலாளரை அமர்த்துவதும் சரியில்லை என்றால் அனுப்பிவிடுவதும் அந்த ஊர் மன்றம். இங்கே செயல் அலுவலரை அமர்த்துவது, மாற்றுவது, பதவி உயர்த்துவது எல்லாம் துறை. அவர் மன்றத்துக்குப் பதில் சொல்வதைவிட மாவட்ட உதவி இயக்குநருக்குப் பதில் சொல்வதுதான் இயல்பு. பேரூராட்சி ஆகலாம் என்று நினைக்கும் ஊர் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்: கட்டடம் பெரிதாகும், பணியாளர் கூடுவர், ஆனால் ஊரார் நேரே வாக்களித்து அமர்த்தும் நிர்வாகத் தலைவர் என்று ஒருவர் இருக்க மாட்டார்.

இதனால் ஊராட்சிதான் மக்களாட்சியின் சிறந்த வடிவம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரிடம் அதிகாரம் குவிந்திருக்கும் இடத்தில், ஊரின் சாதிக் கட்டுமானமும் அந்த நாற்காலியைச் சுற்றியே நிற்கும். மதுரை மாவட்டம் மேலவளவில், தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997-இல் தம் தோழர்கள் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவர் ஒருவர் பதவியில் அமர்ந்து பணியாற்றவே விடப்படவில்லை. இன்றும், துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்து மாதக்கணக்கில் பணிகள் முடங்கும் ஊராட்சிகளில், அந்த மறுப்புக்குப் பின்னால் இருப்பது என்ன என்று விசாரித்தால் பல இடங்களில் விடை சாதியாகவே இருக்கும். காலனித் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போட வேண்டும் என்று கேட்பவருக்கு, வெளியூரிலிருந்து வந்த செயல் அலுவலர் முகம் தெரியாதவராக இருப்பதே சில வேளை அனுகூலம். ஊரின் நெருக்கம் எல்லாருக்கும் ஒரே அளவு இதமாக இருப்பதில்லை.

அன்றாடத்தில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் உடைந்த குழாயே போதும். ஊராட்சியில் குழாய் உடைந்தால் மக்கள் தலைவர் வீட்டுக்குப் போவார்கள், அல்லது மேல்நிலைத் தொட்டி இயக்குபவரைத் தெருவிலேயே பிடிப்பார்கள். தலைவர் நல்லவராக இருந்தால், பொது நிதியில் பணம் இருக்கிறதோ இல்லையோ, கடையில் கடன் சொல்லிப் பிளாஸ்டிக் குழாய் வாங்கி அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுவார். பில் பிறகு போடப்படும். வேண்டாதவர் தெருவாக இருந்தால் அந்த மாலை வரவே வராது. பேரூராட்சியில் அலுவலகத்துக்குப் போய்ப் புகார்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிட்டர் வருவார், இரண்டு நாள் ஆகலாம், ஆனால் வருவது அவர் வேலை. மாநகராட்சியில் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். புகார் எண் கிடைக்கும். ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி சில நேரம் தண்ணீருக்கு முன்பே வந்துவிடும். மூன்றில் எது மேல் என்பது, அந்த ஊரில் நீங்கள் யார் என்பதையும் பொறுத்தது.

வரியைப் பொறுத்தவரை அச்சம் ஆதாரமற்றதல்ல. ஊராட்சியின் வீட்டு வரி நகர்ப்புறச் சொத்து வரியைவிடப் பெரும்பாலும் குறைவு. நகர்ப்புறத்தில், ஊராட்சி மக்களுக்குப் பழக்கமில்லாத காலிமனை வரியும் சேரும்; மகள் திருமணத்துக்கென்று வாங்கிப்போட்ட மனைக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரி திருத்தப்பட்டபோது, சென்னையின் பழைய பகுதி நீங்கலான நகர்ப்புறங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடும், 1,200 வரை 50-ம், 1,800 வரை 75-ம், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்ந்தது. இதை வெறும் மாநில அரசின் விருப்பம் என்று பார்க்க முடியாது. 2021 முதல் 2026 வரையிலான பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கிடைக்க வேண்டுமானால், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலை உயர்த்திவர வேண்டும் என்பது நிபந்தனையாக வைக்கப்பட்டது. ஆகவே நகர்ப்புற எல்லைக்குள் நுழையும் ஊர், ஒருமுறை உயரும் வரிக்குள் மட்டுமல்ல, தொடர்ந்து உயரும் வரிக்குள்ளும் நுழைகிறது.

அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன? பேரூராட்சிக்குத் தூய்மைப் பணியாளர்கள், வரித்தண்டலர், பொறியாளரின் கவனம், நகர்ப்புறத் திட்ட நிதி ஆகியவை கிடைக்கும். பேருந்து நிலையம், நாளங்காடி, மின்மயானம், குப்பையைத் தரம் பிரிக்கும் வளாகம் போன்றவை ஊராட்சியின் கைக்கு எட்டாதவை, பேரூராட்சிக்கு எட்டும். சந்தைக் குத்தகையும் கடை வாடகையும் ஏற்கெனவே நன்றாக வரும் ஊருக்கு இந்தக் கணக்கு இலாபமாகவே முடியும். வருவாய் மூலம் எதுவுமில்லாமல் மக்கள்தொகை மட்டும் பெருகிய ஊரில், வரி உயர்ந்த அளவுக்கு வசதி உயராமல் போகும் வாய்ப்பே அதிகம்.

நூறு நாள் வேலை தனிக் கவனத்துக்கு உரியது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், நகர்ப்புற உள்ளாட்சி எல்லைக்குள் அடங்காத பகுதியையே ஊரகம் என்று வரையறுத்தது. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் ஊரகத்துக்கே உரியது. எனவே ஊர் பேரூராட்சியான நாளில் அந்த வேலை அட்டைகள் பயனற்றுப்போகும். பேரூராட்சிகள் சிலவற்றில் தொடங்கப்பட்ட நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் முன்னோட்ட அளவிலானது. சட்டம் தரும் உரிமை அதில் இல்லை. தொகுப்பு வீடு பெறுவதற்கான திட்டமும், அதன் விதிகளும், பட்டியலும் மாறும். இந்த இழப்பு ஊர் முழுவதற்கும் பொதுவானதல்ல என்பதுதான் சிக்கல். தரம் உயர வேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதிய நகர்களில் வீடு கட்டி வந்த அரசு ஊழியர்களும் கடைக்காரர்களும். வேலை அட்டையை இழப்பவர்கள், குறிப்பாக ஐம்பது வயது கடந்த பெண்கள், அந்த மனுவைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஊரில் இயங்கும் வேலை அட்டைகள் எத்தனை என்ற எண் கைவசம் இல்லாமல் இந்த முடிவைப் பற்றிப் பேசுவதே முறையல்ல. அந்த எண்ணை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். இணையத்திலும் ஊராட்சி வாரியாக இருக்கிறது.

பிரதிநிதித்துவத்திலும் ஒரு சுருக்கம் நேரும். ஊரக வாக்காளர் ஒரே நாளில் நான்கு வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்துகிறார்: வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர். நகர்ப்புற வாக்காளர் இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடுகிறார். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளும் இல்லாமற்போகும். நகர்ப்புறங்களுக்கும் 2022-இல் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் வந்தன என்றாலும், கிராம சபையைப் போல அவை மக்கள் பழக்கத்தில் ஊன்றிவிட்டன என்று சொல்ல முடியாது. கிராம சபையிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துபோகும் கூட்டங்கள் நிறைய உண்டு. ஆயினும் வரவு செலவை வாசிக்கச் சொல்லி எழுந்து நின்று கேட்க ஒரு களமாவது அங்கே இருக்கிறது.

இணைப்புக்கு வந்தால் இந்தச் சுருக்கம் இன்னும் கூர்மையாகும். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைந்தன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 42 மன்றங்கள் இருந்த இடத்தில் புதிய பகுதிகளுக்குக் கிடைத்தவை 93 வார்டுகள். மாநகராட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டால், அன்றைய மக்கள்தொகையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர். எட்டாயிரம் பேர் கொண்ட ஓர் ஊராட்சி அங்கே ஒரு வார்டாகக்கூட முழுமை பெறாது. சிறிய மாநகராட்சிகளில் வார்டு சிறியது, இழப்பும் அந்த அளவுக்குக் குறைவு. வசதிகளோ உடனே வந்துவிடவில்லை. இணைந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணி பத்தாண்டு கடந்தும் முடியாமல் நீண்டது. அதோடு 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்த பின், 2022 தொடக்கம் வரை தேர்தலே நடக்கவில்லை. முன்பு தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்டவர்கள், அந்த ஆண்டுகளில் மண்டல அலுவலகத்தைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது.

தேர்தல் நடவாமை நகருக்கு மட்டும் உரிய நோயல்ல. பெரும்பாலான ஊராட்சிகளும் 2016 முதல் 2019 இறுதி வரை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு அமர்த்திய தனி அலுவலர்களின் கீழ் இருந்தன. 2019 இறுதியில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்களே வந்தார்கள். எல்லை மறுவரையறை நடக்கிறது என்பது தேர்தலைத் தள்ளிப்போட எப்போதும் கைவசம் இருக்கும் காரணம். இணைப்பு அறிவிப்புகள் அந்தக் காரணத்துக்கு உரம் சேர்க்கின்றன.

அப்படியானால் இணைப்பே வேண்டாமா? சில ஊர்களுக்கு வேண்டும். குடிநீர் ஏற்கெனவே நகரின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து வந்து, கழிவுநீர் நகரின் ஏரிக்கே வடிந்து, இரண்டு எல்லைகளுக்கும் நடுவே வயல் என்று ஒரு துண்டுகூட மிஞ்சாமல் போனால், தனி நிர்வாகம் என்பது பெயரளவுதான். நகரின் குப்பையை ஊராட்சி எல்லையில் கொட்டிவிட்டு, ஊராட்சியின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் போகும் நிலையும் பல இடங்களில் உண்டு. உள்ளே இருந்தால் மன்றத்தில் ஒரு குரலாவது இருக்கும்.

கேரளம் போன வழி வேறு. 2011 கணக்கெடுப்பில் அங்கே சட்டப்படியான நகரங்கள் 59 மட்டுமே. கணக்கெடுப்பு நகரம் என்று கண்ட ஊர்கள் 461. ஊர்கள் நகரமாகிவிட்ட பிறகும் பெரும்பாலும் ஊராட்சிகளாகவே நீடித்தன. அங்கே ஓர் ஊராட்சியின் சராசரி மக்கள்தொகை இருபத்தைந்தாயிரத்துக்கு மேல், தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூவாயிரம். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியாக நிதியும் துறை அலுவலர்களும் அந்தப் பெரிய ஊராட்சிகளுக்கு மாற்றப்பட்டதால், தரம் உயர வேண்டும் என்ற அவசரம் எழவில்லை. அக்கம்பக்கத்து இரண்டு மூன்று ஊராட்சிகளைச் சேர்த்து வலுவான ஒரே ஊராட்சியாக்கும் வாய்ப்பு இங்கே பேச்சுக்கே வருவதில்லை. தலைவர் பதவிகள் குறையும் என்பதால் அரசியலில் யாருக்கும் அதில் ஆர்வமில்லை போலும்.

தொடக்கத்தில் சொன்ன நெடுஞ்சாலை ஊருக்கு என் பரிந்துரை இதுதான். வேளாண் கூலிக் குடும்பங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்து, வேலை அட்டைகள் உண்மையில் இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்த ஐந்தாண்டுக்கு ஊராட்சியாகவே தொடர்வது மேல். வீட்டு வரியைக் கூச்சமில்லாமல் மறுமதிப்பீடு செய்து, மனைப்பிரிவுகளில் விடுபட்ட வீடுகளைப் பதிவேற்றினாலே பொது நிதி கணிசமாகக் கூடும். சந்தையும் கடைத்தெருவும் வருவாய் தரத் தொடங்கி, வயல் வேலை அருகிவிட்ட ஊர் தனிப் பேரூராட்சியாவதே பொருத்தம். அதுவும் பக்கத்து நகர் தன் எல்லையை விரிக்கும் முன்பே கேட்டுப் பெறுவது நல்லது, ஏனென்றால் ஊராட்சியாக இருக்கும் ஊரை இணைப்பதைவிடத் தனி மன்றமும் பணியாளரும் கொண்ட பேரூராட்சியை இணைப்பதற்கு அரசு சற்றே தயங்கும். தாம்பரம் மாநகராட்சி 2021-இல் உருவானபோது ஐந்து நகராட்சிகளோடு ஐந்து பேரூராட்சிகளும் கரைந்தன என்பதால் இந்தக் காப்பு முழுமையானதல்ல. இணைப்பை நான் மூன்றாவதாகவே வைப்பேன். நீரும் கழிவும் பிரிக்க முடியாமல் பின்னிப்போன ஊருக்கு மட்டும்.

எதைக் கேட்டாலும் மனுவில் சில வரிகள் தவறாமல் இருக்க வேண்டும். சொத்து வரி ஒரே ஆண்டில் முழு விகிதத்துக்குத் தாவாமல் படிப்படியாக உயர வேண்டும். பயிர் நடக்கும் நிலத்துக்கு, வகைப்பாடு மாறும்வரை, காலிமனை வரி கூடாது. ஊராட்சிக் கணக்கில் இருக்கும் இருப்புத்தொகையும் ஊராட்சிச் சொத்துகளிலிருந்து வரும் வாடகையும் குறைந்தது சில ஆண்டுகளுக்கு அந்தப் பகுதியிலேயே செலவாக வேண்டும். பழைய ஊராட்சி அலுவலகம் மூடப்படாமல் வரி கட்டவும் புகார் கொடுக்கவும் திறந்திருக்க வேண்டும். தூய்மைக் காவலர்களும் தொட்டி இயக்குபவர்களும் வேலை இழக்காமல் புதிய அமைப்புக்குள் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். வார்டு எல்லை போடும்போது காலனித் தெருக்களைக் கூறுபோட்டுப் பல வார்டுகளில் கரைத்துவிடக் கூடாது என்பதையும், புதிய மன்றத்துக்கு எந்தத் தேதிக்குள் தேர்தல் என்பதையும் தனித்தனிப் பத்தியாக எழுதுவது நல்லது. ஆட்சேபம் தெரிவிக்கும் கெடு அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து கணக்காகும். செய்தி ஊருக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அல்ல.